ஓபரா புதிரில் விடை தெரிந்தும் தவறுவது ஏன்?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். வாரம் ஒருமுறை கூடி மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஓபரா புதிர்களுக்கு விடை காண்கிறோம். ஐவருமே நிறையக் கேட்பவர்கள். ஆனாலும் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் சரியாகப் பட்டுத் தகராறாகிவிடுகிறது. ஒலித்துணுக்கைப் போட்டால் மெட்டு நன்றாகத் தெரிகிறது, பெயர்தான் வரமாட்டேன் என்கிறது. எப்படி அணுகினால் சரியாக வரும்?

பதில்: நிறையக் கேட்பவர்கள் தெரியாமல் தவறுவது குறைவு. பழகிய பெயரைக் கண்டதும் கேள்வியின் மீதிப் பாதியைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம், அங்கேதான் கோட்டை விடுவது. ஆகவே விடையைத் தேடும் முன், கேள்வியில் ஆண்டு, ஊர், மொழி, எண் இவற்றில் எது இருந்தாலும் அடிக்கோடிடுங்கள்.

‘லா போயேம்’ என்றால் ஐந்து பேரும் ஒரே குரலில் புச்சினி என்பீர்கள். அது 1896-இல் டூரினில் அரங்கேறியது. அடுத்த ஆண்டே அதே கதையை அதே தலைப்பில் லியோன்கவாலோ வெனிஸில் அரங்கேற்றினார். கேள்வியில் வெனிஸ் என்ற ஒரு சொல் இருந்தால் போதும், விடை மாறிவிடும். ‘செவில் நகர நாவிதன்’ இன்னும் சுவாரஸ்யமானது. ரோசினியின் ஓபரா 1816-இல் வந்தது. அந்தக் கதையின் தொடர்ச்சியான ‘பிகாரோவின் திருமண’த்தை மொஸார்ட் 1786-லேயே அரங்கேற்றிவிட்டார். தொடர்ச்சி எப்படி முப்பது ஆண்டு முந்தியது என்று கேட்டால் பலர் திணறுவார்கள். 1782-இல் பைசியெல்லோ எழுதிய நாவிதன் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தது என்பதுதான் விடை. ஒதெல்லோவுக்கு ரோசினியும் வெர்டியும், மனோனுக்கு மாஸ்னேவும் புச்சினியும் உண்டு. இப்படி இரட்டைத் தலைப்புகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வாருங்கள். புதிர் போடுபவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எண்களும் காலை வாரும். ஷோபனின் இரண்டாவது பியானோ கான்செர்டோதான் (ஒற்றை வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதலில் எழுதப்பட்டது. அச்சான வரிசையில் எண் விழுந்ததால் அது இரண்டாவதாகிவிட்டது. பீத்தோவனின் முதல் இரண்டு பியானோ கான்செர்டோக்களும் அப்படியே. துவோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனி இன்று ஒன்பதாவது. பழைய இசைத்தட்டு உறைகளில் ஐந்தாவது என்றிருக்கும், ஏனெனில் முதல் நான்கும் அவர் காலத்தில் அச்சேறவில்லை. மொஸார்ட்டின் 37-வது சிம்பொனியில் மெதுவான முன்னுரை மட்டுமே அவருடையது, மீதி மிகாயேல் ஹேடன் எழுதியது. மொஸார்ட் படைப்புகளின் பட்டியல் எண்ணான கோஷெல் எண் பெரிதாக இருந்தால் அவர் அதைப் பின்னாளில் எழுதினார் என்று ஏறக்குறைய நம்பலாம். அதே கணக்கை பாக் (Bach) படைப்புகளின் பட்டியல் எண்ணுக்குப் போடாதீர்கள். அந்தப் பட்டியல் படைப்பின் வகைப்படி அடுக்கப்பட்டது, காலப்படி அல்ல.

ஆண்டைப் பற்றித் தகராறு வந்தால், எழுதிய ஆண்டா, அரங்கேறிய ஆண்டா, திருத்திய ஆண்டா என்று முதலில் கேளுங்கள். பீத்தோவனின் ‘ஃபிதேலியோ’ ஓபராவுக்கு 1805, 1806, 1814 என மூன்று வடிவங்கள். வெர்டியின் ‘தோன் கார்லோஸ்’ 1867-இல் பாரிஸில் ஐந்து அங்க பிரெஞ்சு ஓபராவாகப் பிறந்து, 1884-இல் மிலானில் நான்கு அங்கமாகச் சுருங்கி இத்தாலிய மொழியில் மேடையேறியது. இருவரும் சரியாகச் சொல்லிவிட்டே சண்டை போடுகிற இடம் இதுதான்.

எழுத்துப் புதிர்களுக்கு ஒரு சாவி உண்டு. மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு எழுத்துகளே பெயர். ஜெர்மானிய மரபில் ‘பி’ என்றால் பி ஃபிளாட், அதாவது பி-யைவிட அரைச்சுரம் தாழ்ந்தது. சாதாரண பி-க்கு அவர்கள் ‘ஹெச்’ என்பார்கள். ஈ ஃபிளாட் ‘எஸ்’ ஆகிவிடும். இப்போது இந்தக் கேள்வியைப் பாருங்கள்: “1960-இல் எழுதிய குவார்டெட் (நான்கு வாத்தியங்களுக்கான படைப்பு), படைப்பாளியின் பெயரெழுத்துகளோடு தொடங்குகிறது. சுரங்கள் டி, ஈ ஃபிளாட், சி, பி. யார்?” நான்கு சுரங்களில் பெயர் என்றதும் மனம் நான்கெழுத்துப் பெயருள்ள பாக்கை (B-A-C-H) நோக்கி ஓடும். ஆனால் அவருடையது பி ஃபிளாட், ஏ, சி, பி. இங்கே சுரங்களை ஜெர்மானியப் பெயருக்கு மாற்றினால் டி, எஸ், சி, ஹெச் வருகிறது. திமித்ரி ஷோஸ்டகோவிச்சின் பெயரை ஜெர்மானிய எழுத்தில் எழுதினால் முதலெழுத்தும் குடும்பப் பெயரின் தொடக்கமும் இவையே. விடை, அவருடைய எட்டாவது குவார்டெட். தொடங்கிவைப்பது செல்லோ.

ஒலித்துணுக்குக்கு வருவோம். கைபேசிச் செயலி அடையாளம் காண்பது ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவைத்தான், படைப்பை அல்ல. வேறு குழு வாசித்தது என்றால் அது கையை விரித்துவிடலாம். அப்போது 1975-இல் டெனிஸ் பார்சன்ஸ் வெளியிட்ட முறை கைகொடுக்கும். ஒவ்வொரு சுரமும் முந்தையதைவிட மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா, அதேதானா என்று மட்டும் குறியுங்கள். பீத்தோவன் ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கம்: அதே, அதே, கீழ், மேல், அதே, அதே, கீழ். சுருதி ஞானம் அதிகம் வேண்டாம், தாளமும் தேவையில்லை. மியூசிபீடியா என்ற இணையதளத்தில் இதைக் கொடுத்துத் தேடலாம். பத்துப் பன்னிரண்டு சுரங்களாவது குறித்தால்தான் பட்டியல் சுருங்கும். பெரும்பாலும் பிசகுவது இரண்டு விஷயங்களில்: அலங்கார அசைவுகளையும் சுரமாக எண்ணிவிடுவது, மெட்டின் நடுவில் தொடங்கும் துணுக்கைத் தொடக்கம் என்று நினைப்பது. இரண்டாவது சந்தேகம் வந்தால் மூச்சு விடும் இடத்துக்கு அடுத்த சுரத்திலிருந்து மறுபடி குறியுங்கள்.

மெட்டு பிடிபடாவிட்டால் வாத்தியத்தைக் கேளுங்கள். செலஸ்டா (மணி போல ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம்) ஒலித்தால் 1886-க்கு முந்தைய படைப்பாக இருப்பது அரிது. சாக்ஸபோன் என்றால் 1840-களுக்குப் பிறகு. பாடும் மொழியை வைத்து நாட்டைச் சொல்லிவிடாதீர்கள். ஜெர்மனியில் பிறந்த ஹாண்டல் லண்டனில் இத்தாலிய ஓபராக்கள் எழுதினார். காதல் காட்சியில் இரண்டும் பெண் குரலாகக் கேட்டால், ‘ரோசன்கவாலியே’ ஓபராவின் ஒக்தாவியான் போல மெஸ்ஸோ (நடுத்தரப் பெண் குரல்) பாடும் ஆண் பாத்திரமா என்று பாருங்கள்.

கூடி உட்காரும்போது முதல் மூன்று நிமிடம் யாரும் வாய் திறக்காமல் தனித்தனியே எழுதுங்கள். ஒருவர் உரக்கச் சொன்ன பிறகு மற்ற நால்வர் மனதிலும் வேறு பெயர் வருவது கடினம். பிறகு ஒருவர் மட்டும், வாரம் மாற்றி வாரம், விடையை உடைத்துப் பார்க்கும் பொறுப்பை ஏற்கட்டும். ஆல்பம் உறையையும் நிகழ்ச்சிக் குறிப்பையும் மட்டும் நம்ப வேண்டாம், பிழை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே நகலாகும். ‘ஆல்பினோனியின் அடாஜியோ’வை 1958-இல் வெளியிட்டவர் ரெமோ ஜியாசொத்தோ, அவர் கைவேலைதான் அது. ‘ஐதா’ சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவில் மேடையேறியது என்று இன்றும் எழுதுகிறார்கள். கால்வாய் திறந்தது 1869, ஓபரா கெய்ரோவில் அரங்கேறியது 1871 டிசம்பர் 24. அசல் இசைக்குறிப்பின் முகப்புப் பக்கமும் அரங்கேற்ற நாளும் பொருந்தினால் விடையை எழுதிவிடலாம். கேள்வியே இரண்டு விடைக்கும் இடம் கொடுத்திருந்தால் இரண்டையும் ஆண்டோடு எழுதி, இரண்டுக்கும் மதிப்பெண் போடுங்கள்.