ஸ்டியூபன் கேப்டனா, லெப்டினன்ட் ஜெனரலா?

வணக்கம். அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் படைக்குப் பயிற்சி கொடுத்த ஜெர்மானியர் ஸ்டியூபனை ஒரு இணையதளம் கேப்டன் என்கிறது, இன்னொன்று லெப்டினன்ட் ஜெனரல் என்கிறது, மகளின் பள்ளிக் கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் நாட்டின் படையில் என்றால் கேப்டன்தான். ஏழாண்டுப் போர் முடிந்து 1763இல் வெளியே அனுப்பப்பட்டபோது ஸ்டியூபனுக்கு இருந்த பதவி அவ்வளவே.

1777இல் பாரிஸில் வேலை தேடியவரை, அமெரிக்கப் படைத் தளபதி வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் லெப்டினன்ட் ஜெனரல் ஆக்கிவிட்டார் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த பிராங்க்ளின். சிபாரிசுக் கடிதம் என்றால் சும்மாவா!

ஆனால் ஆள் சரக்குள்ளவர். 1778 பிப்ரவரியில் வாஷிங்டனின் படை தங்கியிருந்த வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்து, ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாமலே, பாடங்களைப் பிரெஞ்சில் எழுதி மொழிபெயர்க்கச் செய்து, தானே துப்பாக்கி பிடித்துக் காட்டிப் பயிற்சி கொடுத்தார். ஆங்கிலத்தில் திட்டுவதற்கு மட்டும் உதவியாளரைக் கூப்பிடுவாராம்.

அந்த மே மாதமே அமெரிக்கப் படையில் மேஜர் ஜெனரல் ஆனார். அது மெய்யான பதவி. மகளை கேப்டன், மேஜர் ஜெனரல் என்ற இரண்டு பதவிகளையும் ஆண்டோடு எழுதச் சொல்லுங்கள்.