பைக்கில் பெட்ரோல் ஓட்டத்தை அளக்கும் மீட்டரைக் குறைந்த செலவில் நாமே செய்ய முடியுமா?

செய்ய முடியும். ஆனால் பலரும் முதலில் வாங்கும் சென்சார் இந்த வேலைக்கு உதவாது.

தண்ணீர்க் குழாய்க்கென விற்கும், உள்ளே சிறு சக்கரம் சுழலும் ஒய்எஃப்-எஸ்201 சென்சாரை என் பழைய கார்புரேட்டர் பைக்கில் டேங்கிலிருந்து இறங்கும் டியூபின் நடுவே பொருத்தினேன். இன்ஜின் ஓடியது, சக்கரம் அசையவே இல்லை. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்குக் குடிப்பது 17 மில்லிகூட இல்லை. அந்தச் சென்சாரோ நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர் வரை அளப்பதற்கானது. போதாக்குறைக்கு, கார்புரேட்டருக்குள் பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட் இறங்கும்போது மட்டும் ஊசி வால்வு திறப்பதால் பெட்ரோல் விட்டுவிட்டுத்தான் வருகிறது. கார்புரேட்டர் வண்டிக்கு, மெக்கானிக்குகள் 100 மில்லி பாட்டிலைத் தொங்கவிட்டு ஓட்டிப் பார்க்கும் முறையே இன்றும் நம்பகமானது.

உங்களுடையது 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டி என்றால் பெரும்பாலும், கார்புரேட்டருக்குப் பதிலாக மின்சாரத்தால் திறந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இருக்கும். அதுவே ஒரு மீட்டர்தான். பம்ப் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் பெட்ரோலைத் தருவதால், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அந்த அளவுக்கே பெட்ரோல் உள்ளே போகிறது. அதன் இரண்டு வயர்களில் ஒன்றில் சாவி போட்டதும் 12 வோல்ட் வரும். மற்றதை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கிரவுண்டுடன் இணைத்துத் திறக்கும். இவ்விரண்டுக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் ஓர் ஆப்டோகப்ளரை (ஒரு பக்கத்து எல்இடியின் ஒளியால் மறுபக்கத்துக்குச் சிக்னல் தரும் சிறு சிப்) இணைத்து, அதன் எல்இடிக்குத் தலைகீழாக ஒரு சிறு டயோடையும் போட்டுவிடுங்கள். இன்ஜெக்டர் மூடும் கணத்தில் அதன் கம்பிச்சுருள் எதிர்த்திசையில் உதைக்கும் வோல்டேஜை எல்இடி தாங்காது. மறுபக்கத்தை ஆர்டுவினோ நானோ என்னும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்குக் கொடுத்து, ஒவ்வொரு பல்ஸின் நீளத்தையும் மைக்ரோ விநாடியில் கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. மின்சாரம் வந்த பிறகும் இன்ஜெக்டருக்குள் இருக்கும் ஊசி எழும்ப ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகிறது. ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) பல்ஸே இரண்டு மூன்று மில்லி விநாடிதான் என்பதால், இதைக் கழிக்காவிட்டால் கணக்கு மோசமாகத் தவறும். ஆகவே டேங்கை ஒரே குறிவரை நிரப்பி, ஒரு முறை நகர நெரிசலிலும் ஒரு முறை நெடுஞ்சாலையிலும் ஓட்டி, இரு முறையும் நிரப்பிய லிட்டர், மொத்தத் திறப்பு நேரம், பல்ஸ் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சமன்பாடுகளிலிருந்து, ஊசி எழும்புவதில் வீணாகும் நேரம், இன்ஜெக்டரின் ஓட்ட அளவு என்னும் இரண்டுமே கிடைத்துவிடும்.

இந்த முறையில் பெட்ரோல் டியூபைத் தொடவே வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அழுத்தத்தில் இருக்கும் அந்த டியூபை வெட்டி, சூடான இன்ஜினுக்கு மேலே பிளாஸ்டிக் சென்சாரைச் செருகும் யோசனை இருந்தால் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள்.