கார்டு உள்ளே போகிறது, கேம் ஏன் ஏறவில்லை?

கேள்வி: பழைய நின்டெண்டோ ஸ்விட்சில் இரண்டு வருடம் நன்றாக ஓடிய 256 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டை, மகனுக்கு வாங்கிய ஸ்விட்ச் 2-இல் போட்டேன். கேம் எதையும் அதில் சேமிக்க முடியவில்லை. கார்டு போய்விட்டதா? புதிது வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, கேம்களை மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகைக் கார்டில் மட்டுமே வைக்கும். சாதாரண கார்டும் அதே அளவு, அதே வடிவம் என்பதால் ஸ்லாட்டில் சிக்கலின்றி நுழைந்துவிடுகிறது, குழப்பமே அங்கேதான். பழைய கார்டிலிருந்து ஸ்கிரீன்ஷாட், வீடியோக்களை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

காரணம் வேகம். பழைய ஸ்விட்ச் பயன்படுத்தும் யுஎச்எஸ்-1 முறையின் உச்சவரம்பு நொடிக்கு 104 எம்பி. எக்ஸ்பிரஸ் கார்டோ கணினியின் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போல, பிசிஐஇ என்ற அதிவேக இணைப்பு வழியில் பேசுகிறது. ஏட்டளவில் 985 எம்பி வரை போகும்.

கடையில் கார்டைத் திருப்பிப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் கார்டின் பின்பக்கம் தங்க நிறத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம், எக்ஸ்பிரஸ் அல்லாத யுஎச்எஸ்-2 வகைக் கார்டுக்கும் இரண்டு வரிசை உண்டு. முன்பக்கம் மைக்ரோ எஸ்டி முத்திரையோடு ‘இ’, ‘எக்ஸ்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். வி30, ஏ2 என்ற வேகக் குறிகள் இங்கே உதவாது. ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற பெயரைப் பார்த்து ‘எக்ஸ்பிரஸ்’ என்று நினைத்து வாங்கிவிடுவதும் நடக்கிறது. பெயர் ஒன்றுபோல ஒலிக்கிறதே தவிர அது சாதாரண கார்டுதான்.

கொள்ளளவில் 2 டிபி வரை இயந்திரம் ஏற்கும். உள்ளேயே 256 ஜிபி இருப்பதால், இடம் நிறைந்த பிறகு வாங்கினாலும் போதும். எக்ஸ்பிரஸ் கார்டு விலை அதிகம். சேவ் டேட்டா, அதாவது கேமில் எதுவரை ஆடினீர்கள் என்ற பதிவு, எப்படியும் இயந்திரத்துக்குள்தான் இருக்கும், கார்டுக்குப் போகாது.

நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் போலியாக இருக்கலாம். அப்படி வாங்க நேர்ந்தால், ரசீதை வைத்துக்கொண்டு முதல் நாளே கணினியில் கார்டு ரீடர் வழியாகப் போட்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் ஒரு சோதனை ஓட்டிவிடுங்கள். சொன்ன கொள்ளளவு உண்மையிலேயே இருக்கிறதா என்று அறிய, அது கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும். ஓடவிட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.