வகுப்புத் தோழனுக்குத் தங்க இடமில்லை போலிருக்கிறது. அவன் மனம் நோகாமல் எப்படி உதவுவது?

எப்போதும் முதுகில் பெரிய பை, நூலகம் மூடும்வரை எழுந்திருப்பதில்லை, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சந்தேகம் சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டாம் ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

வீட்டில் நடந்தது நீளமான கதை, இங்கே வேண்டாம். திரும்பிப் போக முடியாத நிலை. விடுதிக் கட்டணம் பாக்கி நின்றதால் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு நாள்கூட நான் தெருவில் படுத்ததில்லை. மூன்று நாள் ஒருவன் அறை, இரண்டு நாள் இன்னொருவன் அறை, நடுவில் கணினி ஆய்வகத்தில் ஓர் இரவு. அதனால் வீடில்லாதவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டதில்லை. யாராவது கேட்டால் 'இடம் மாறிக்கொண்டிருக்கிறேன்' என்பேன். உங்கள் தோழனும் இப்படி ஏதாவது சொல்லக்கூடும்.

அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பையில் இரண்டு செட் துணி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய துண்டு, பேனா வைக்கும் பவுச்சுக்குள் பல் துலக்கும் பிரஷ், சார்ஜர், எல்லாவற்றுக்கும் அடியில் சான்றிதழ் ஃபைல். தொலைந்தால் படிப்பே போச்சு என்ற பயத்தில் கழிப்பறைக்குப் போனாலும் பை கூடவே வரும். ஈரத் துண்டை எவ்வளவு சுற்றினாலும் நோட்டு நனையும். காய்ந்தபின் தாள் உப்பிக்கொண்டு ஒரு புழுங்கல் வாடை அடிக்கும். அந்த வாடைக்குப் பயந்துதான் கடைசி பெஞ்சுக்குப் போனேன். படிப்பில் ஆர்வம் போய்விட்டது என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். யார் அறையில், எத்தனை நாள், கடைசியாக எப்போது. ஒருவனிடம் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் போகக்கூடாது. அறைத் தோழனின் முகம் மாறினால் இரண்டோடு சரி. அவர்கள் எழுவதற்கு முன்பே பாயைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். இந்தக் கணக்குப் போடுவதிலேயே பாதி மூளை செலவாகிவிடும். மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் தேர்வுக்குப் படித்தேன்.

ஆய்வக இரவில் காவலாளி என்னைப் பார்த்துவிட்டார். "தம்பி, பரீட்சை எப்போ?" என்றார். "அடுத்த மாசம்ணே." கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு என் தலைக்கு மேலிருந்த விளக்கை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்தார். "உள்ள தாழ் போட்டுக்க. அஞ்சரைக்குக் கூட்டுறவங்க வருவாங்க, அதுக்குள்ள எழுந்துடு." வேறு எதுவுமே கேட்கவில்லை.

அதே மாதத்தில் என் ஆசிரியர் ஒருவர் விஷயம் தெரிந்து, நல்ல மனதோடுதான், வகுப்பில் எழுந்து நின்று எனக்காகப் பணம் திரட்டலாம் என்று அறிவித்தார். அதன்பிறகு ஒரு வாரம் நான் கல்லூரிப் பக்கமே போகவில்லை.

கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவனுக்கு வாடகை கொடுக்க முடியாதா என்று பலர் கேட்பார்கள். அமெரிக்காவில் ஹோப் சென்டர் என்ற ஆய்வு மையம் 2020இல் 202 கல்லூரிகளில் கேட்டபோது, பதில் சொன்ன 1,95,000க்கும் மேற்பட்ட மாணவர்களில் 14% பேர் முந்தைய ஓராண்டுக்குள் வீடில்லாமல் இருந்திருக்கிறார்கள். நண்பர்கள் வீட்டில் மாறிமாறிப் படுப்பவர்களும் இதில் அடக்கம். பணக்கார நாட்டிலேயே இந்தக் கதை. உதவித்தொகை வந்தாலும் அது பெரும்பாலும் கட்டணத்துக்கே போய்விடுகிறது. வாடகைக்கு இடம் பிடிக்க முன்பணமும் உத்தரவாதக் கையெழுத்தும் வேண்டும். வீட்டோடு உறவு அறுந்தவனுக்குக் கையெழுத்துப் போட யார் வருவார்கள்?

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? 'உனக்கு வீடு இல்லையா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 'இல்லையே' என்றுதான் பதில் வரும், அப்புறம் உங்களைக் கண்டாலே ஒதுங்குவான். 'பையை என் அறையில் வைத்துவிட்டு வாயேன்' என்று ஆரம்பியுங்கள். துணி துவைக்க இடம், குளிக்க இடம், கடிதங்கள் வந்து சேர ஒரு முகவரி, இவையெல்லாம் உங்களுக்கு ஒன்றுமில்லை, அவனுக்குப் பெரிய விஷயம். தங்கச் சொல்வதானால் 'எப்போ வேணும்னாலும் வா' என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. அப்படிச் சொன்னவர்கள் வீட்டுக்கு நான் போனதே இல்லை. 'செவ்வாயும் வியாழனும் இங்கே படுத்துக்கொள், பரீட்சை முடிகிற வரைக்கும்' என்று சொல்லுங்கள். அந்த இரண்டு நாள் கணக்கு அவன் தலையிலிருந்து இறங்கும். எல்லை தெரிவதால் உங்களுக்கும் பின்னால் எரிச்சல் வராது.

ஒரு எச்சரிக்கை. அவனிடம் கேட்காமல் பெற்றோருக்குத் தகவல் சொல்லாதீர்கள். அடிக்கும் வீட்டிலிருந்து தப்பி வந்தவனாகவும் இருக்கலாம்.

கல்லூரி நிர்வாகத்தில் உங்கள் பேச்சு எடுபடும் என்றால், அங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். சிறு தொகை பாக்கியால் பெயர் நீக்கப்படும் நிலையில் இருப்பவர்களைப் பல்கலைக்கழகமே கணக்கில் பார்த்துக் கண்டுபிடித்து, அந்தத் தொகையை மானியமாகக் கொடுக்கிறது. 2011இலிருந்து நடக்கிறது. மாணவன் விண்ணப்பிக்கவே வேண்டாம். அதே நாட்டில் டகோமா நகரில் 2014 முதல் வீட்டுவசதி ஆணையமும் சமுதாயக் கல்லூரியும் சேர்ந்து மாணவர்களின் வாடகையில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டன. கலிஃபோர்னியாவின் லாங் பீச் சிட்டி கல்லூரி 2021இல், காரில் தூங்கும் மாணவர்கள் பாதுகாப்பாக நிறுத்திக்கொள்ள வாகன நிறுத்துமிடத்தைத் திறந்துவிட்டது. இதைக் கேலி செய்தவர்களும் உண்டு. கார் வீடாகாதுதான். ஆனால் நடு இரவில் யாரும் கண்ணாடியைத் தட்டமாட்டார்கள் என்று தெரிந்து தூங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அதைக் கேலி செய்யமாட்டேன்.

என் பிரச்சினை தீர்ந்த விதம் சப்பென்று இருக்கும். துறை அலுவலகத்தில் ஒரு அம்மா, விடுதிப் பாக்கியை ஆறு தவணையாகப் பிரித்துக் கட்ட ஒரு படிவம் இருக்கிறது என்றார். ஒரே ஒரு கையெழுத்து. அப்படி ஒன்று இருப்பதே நான்கு மாதமாக எனக்குத் தெரியாது, யாரும் எங்கேயும் ஒட்டிவைக்கவில்லை. உங்கள் கல்லூரியில் என்னென்ன படிவங்கள் இருக்கின்றன என்று அவனுக்காக நீங்கள் போய்க் கேளுங்கள், 'ஒரு நண்பனுக்கு' என்று. பெயர் சொல்ல வேண்டாம்.

அடுத்த விடுமுறை எப்போது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விடுதிகள் மூடும், நண்பர்கள் ஊருக்குப் போவார்கள், நூலகமும் இருக்காது. எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது அந்தப் பத்து நாள்தான். அதற்கு ஒரு வாரம் முன்பாவது அவனிடம் பேசிவிடுங்கள்.