சமோவா, எடை, ஜீன்

வணக்கம். ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். உடன் வேலை செய்பவர்களில் பலர் பசிபிக் தீவு நாடான சமோவாவைச் சேர்ந்தவர்கள். நான் சேர்ந்தபோது இருந்ததைவிட இப்போது எல்லோருமே எடை கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு ஜீன் இருக்கிறதாம், உடம்பு அதனால்தான் என்று படித்தேன். அப்படியென்றால் சாப்பாடு, நடைப்பயிற்சி என்று பேசுவதில் அர்த்தம் உண்டா? எங்கள் குடும்பத்திலும் எல்லோரும் பருமன்தான். நானும் அந்த ஜீனைப் பரிசோதித்துப் பார்க்கலாமா?
எஸ்., ஆக்லாந்து

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்தது உண்மைதான். 2016-ல் வந்த ஆய்வு. சமோவாவில் 3,000 பேருக்கு மேல் சோதித்து, சிஆர்இபிஆர்எஃப் என்ற ஜீனில் எடையைக் கூட்டும் ஒரு சிறு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு ஜீனும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும். அங்கே ஏறத்தாழ பாதிப் பேரிடம் அந்த மாற்றத்தின் ஒரு பிரதியாவது இருக்கிறது. அவர்களுடைய முன்னோர்களான கடலோடிகளைப் பட்டினியில் காப்பாற்றிய ஜீன் என்ற கதை உடனே கிளம்பியது. அதை விடுங்கள். அந்த மாற்றம் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. கதை சொன்னவர்கள் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை.

கணக்குக்கு வருவோம். ஒரு பிரதிக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், சுமார் 1.36 கூடுகிறது. 5 அடி 7 அங்குலம் உயரமுள்ளவருக்கு அது நான்கு கிலோ. ஒற்றை ஜீனுக்கு இது பெரிய விளைவுதான், மறுக்கவில்லை. ஆனால் 1978-ல் சமோவா ஆண்களில் உடற்பருமன் உள்ளவர்கள் சுமார் 28 சதவீதம், 2013-ல் 53. பெண்களில் 44 என்பது 77 ஆனது. முப்பத்தைந்து வருடத்தில் ஜீனா மாறிவிட்டது? சேப்பங்கிழங்கும் ஈரப்பலாவும் மீனும் தேங்காய்ப்பாலும் இருந்த வீடுகளுக்குள் டின் மாட்டிறைச்சியும் அரிசியும் நூடுல்ஸும் வந்தன. வான்கோழி வாலும் வந்தது. அமெரிக்காவில் பெரும்பாலோர் தொடாத கொழுப்புத் துண்டு அது. உறையவைத்து, மலிவு விலையில் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். 2007-ல் சமோவா அரசு அதைத் தடைசெய்தது. 2012-ல் உலக வர்த்தக அமைப்பில் சேரும்போது அந்தத் தடையை நீக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு சின்ன நாடு தன் மக்களின் தட்டிலிருந்து ஒரு கழிவை விலக்கப் பார்த்தது, அதைக்கூட விடவில்லை. எனக்கு இதை நினைத்தாலே ஆத்திரம் வருகிறது.

இத்தனைக்கும் நடுவில் நீங்கள் அவர்களுடைய ரத்தத்தில் காரணம் தேடுகிறீர்கள். கூடவே நின்று வேலை பார்ப்பவர்களைப் பற்றி எப்படி இவ்வளவு சுலபமாக முடிவுகட்ட முடிகிறது உங்களால்?

என் பெரியம்மாவையும் இப்படித்தான் முடித்துவைத்தோம். ‘அவ உடம்பு வாகு அப்படி’ என்பார்கள் வீட்டில். முழங்கால் வலி என்று போனால், காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘முதல்ல எடையக் குறைங்க’ என்று அனுப்பினார் ஒரு டாக்டர். கல்யாண வீடுகளில் கேலி. அப்புறம் அவர் கல்யாணங்களுக்கே வருவதை நிறுத்திவிட்டார். ஏன் வரவில்லை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு அன்பான மனுஷி.

நீங்கள் கேட்டவர், அதனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் மட்டும் இல்லை. சாப்பாடு, நடை பற்றித் தாராளமாகப் பேசுங்கள். உபதேசமாக வேண்டாம். இரவு ஷிஃப்ட் முடிந்து போகும்போது திறந்திருக்கும் கடையில் என்ன கிடைக்கிறது, என்ன விலை என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். உங்களுக்கும் அதே கடைதானே?

பரிசோதனை வேண்டாம். அந்த மாற்றம் பசிபிக் மக்களுக்கு வெளியே அநேகமாக இல்லவே இல்லை. உங்கள் குடும்பத்தில் அதைத் தேடிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

அன்புடன்.