சான்றிதழ் இருக்கிறது, ஆய்வுக் கேள்வி எங்கே?

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வு முறையியலில் மூன்று இணையவழிப் பாடங்களை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். ஆனால் முன்வரைவு ஒரு பக்கம்கூட நகரவில்லை. "உங்கள் ஆய்வுக் கேள்வியே தெளிவாக இல்லை" என்கிறார் நெறியாளர். இன்னொரு பாடத்தில் சேரட்டுமா?
- ஆய்வு மாணவி, கோட்டையூர்

பதில்: இப்போது சேர வேண்டாம். மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் மேல் எனக்குக் குறையில்லை. கோட்டையூரில் இருந்தபடி ஐஐடி பேராசிரியரின் வகுப்பைக் கட்டணமின்றிக் கேட்க முடிவது பெரிய விஷயம். ஆனால் அந்தச் சான்றிதழ் எதை அளக்கிறது? ஸ்வயத்தில் ஐஐடிகள் முதலியவை நடத்தும் என்பிடெல் பாடங்களில் வாராந்திரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 75. பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். மாதிரி எடுக்கும் முறைகளின், அதாவது எல்லோரிலும் யார் யாரிடம் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் முறைகளின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. ஆத்தங்குடியில் யாரிடம் போய் என்ன கேட்பது என்பதை எந்தக் காணொளியும் சொல்லாது.

பட்டறைக்குப் போங்கள். முதல் தடவை வினாப்பட்டியல் வேண்டாம். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து நிறக் குழம்பை ஊற்றி, அதன் மேல் சிமெண்ட்டும் மணலும் போட்டு அழுத்துவதை நின்று பாருங்கள். சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தி எடுக்கும் கல் அது. அப்படியானால் மழைக்காலத்தில் வேலை என்ன ஆகிறது? நிறம் ஊற்றுகிறவருக்கும் மணல் கலக்குகிறவருக்கும் ஒரே கூலியா? அது நாள் கணக்கா, கல் கணக்கா? 'சமூகப் பொருளாதார நிலை' என்பது வெறும் தலைப்பு. 'கூலி கொடுக்கும் முறைக்கும், பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவதற்கும் தொடர்பு உண்டா?' என்பது கேள்வி. 'மாத வருமானம் எவ்வளவு' என்று அச்சடித்துக்கொண்டு போனால், கல் கணக்கில் கூலி வாங்குகிறவர் உங்கள் மனம் நோகக்கூடாதென்று ஏதோ ஒரு தொகையைச் சொல்லி அனுப்புவார். அந்தத் தொகையை எந்தப் புள்ளியியல் மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. பட்டறைகளின் முழுப் பட்டியல் கையில் இல்லாமல் 'வாய்ப்பு முறை மாதிரி' (குலுக்கல் போலத் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பது) என்று எழுதவும் முடியாது. அந்தப் பட்டியலை நீங்களே அலைந்து தயாரிக்க வேண்டும்.

பிறகு இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் கைத்தொழில்கள் பற்றிய இரண்டு மூன்று ஆய்வேடுகளை எடுத்து, முறையியல் இயலை மட்டும் படியுங்கள். கிடைத்தவர்களிடம் கேட்டுவிட்டு அதற்குப் பெரிய பெயர் சூட்டியிருக்கும் இடங்கள் உங்கள் கண்ணுக்கே தெரியும். வாசகங்களை அப்படியே எடுத்தாளாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினாலே திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள்களைத் தொகுக்க ஸோட்டெரோ என்ற மென்பொருள் இலவசம். தமிழ்ப் பெயர்களை அதில் ஒற்றைப் பெயர்க் கட்டத்தில் இடுங்கள், இல்லாவிட்டால் அகரவரிசை குலைந்துவிடும். பழைய இதழ்கள் தேவைப்பட்டால், உங்கள் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை இன்று சென்னையில் அவர் பெயரிலான நூலகத்தில் இருக்கின்றன.

நெறியாளரிடம் ஒரே பக்கத்தோடு போங்கள்: கேள்வி ஒரு வாக்கியத்தில், யாரிடம் கேட்பீர்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள். அவர் ஒப்புக்கொண்டதும், முடித்த பாடத்தில் மாதிரி எடுத்தல் பற்றிய வகுப்பை மட்டும் திறந்து, உங்கள் பட்டறைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.