தளபதிக்கு யார் சிபாரிசு?

கேள்வி: ஜமீன் வீட்டுப் பிள்ளை, அப்பா மந்திரி, படிப்பு இங்கிலாந்தில். ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனது குடும்பச் செல்வாக்கால்தானே? அவரைத் தமிழர் பெருமை என்று எங்கள் ஏரியா கூட்டங்களில் தூக்கிப் பிடிக்கிறார்களே, இது சரியா?
- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: முதல் கேள்விக்குப் பாதி ஆமாம். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன் அவர். ஈட்டன் பள்ளி, அப்புறம் வூல்விச் ராணுவ அகாடமி. அந்தக் காலத்தில் அரசரின் கமிஷனுக்கு, அதாவது பிரிட்டிஷ் அரசர் பெயரில் தரும் ராணுவ அதிகாரி பதவிக்கு, வெள்ளைக்காரர்கள் எதிர்பார்த்ததே இப்படிப்பட்ட குடும்பங்களைத்தான். திருச்செங்கோட்டு நெசவாளி மகன் அந்த வாசல் பக்கமே போயிருக்க முடியாது. இதை மறைத்துவிட்டுப் பேசுகிறவர்களோடு எனக்கும் சண்டைதான்.

ஆனால் கமிஷன் கிடைத்தது 1933-ல். தளபதி ஆனது 1966 ஜூனில். சுப்பராயன் 1962-லேயே, மகாராஷ்டிர ஆளுநராக இருக்கும்போது காலமாகிவிட்டார். நாலு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தவர் டெல்லியில் யாரிடம் சிபாரிசு செய்தார்?

உயிரோடு இருந்த சொந்தங்களைப் பாருங்கள். தம்பி மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட்டாகச் சிறைக்குப் போனவர். தங்கை பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் கட்சிக்காகக் கோவையில் நின்று 1957-ல் மக்களவைக்குப் போனவர். சீனப் போர் முடிந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. செங்கொடி என்றாலே சந்தேகம். அந்த நேரத்தில் இந்தக் குடும்பப் பெயர் உதவியா, உபத்திரவமா என்று நீங்களே சொல்லுங்கள். அப்படியும் அவரிடம் ராணுவத்தை ஒப்படைத்தார்கள். 1965 போரில் துணைத் தளபதி, அடுத்து தளபதி. வரிசைப்படி வந்தது, அவ்வளவுதான்.

நடுவில் நடந்ததைத்தான் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. 1942 மே மாதம், லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீம் பக்கம் ஜெர்மன் தளபதி ரோமலின் டாங்கிகள் வந்தபோது ஒரு இந்தியப் பீரங்கிப் பிரிவுக்குத் தலைமை இவர். அந்தச் சண்டைக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது கிடைத்தது. பிறகு போர்க்கைதி ஆனார். இத்தாலிய முகாமிலிருந்து தப்பி, ஜெர்மானியர்களிடம் மறுபடி மாட்டி, ஜெர்மனியில் இன்னொரு முகாமுக்குப் போனார். இத்தாலியில் உடன் கைதியாக இருந்தவர்களில் ஒருவர் யாஹ்யா கான். 1966 செப்டம்பரில் அவர் பாகிஸ்தான் ராணுவத் தலைவர் ஆனார். ஒரே முகாமில் கிடந்த இரண்டு பேர் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சமயத்தில் தளபதிகள்! ஈட்டனில் படித்ததால் டாங்கி விலகிப் போய்விடாது, ஐயா.

அதற்காக அவர் செய்யாததையும் அவர் கணக்கில் எழுத வேண்டாம். 1967-ல் சிக்கிம் எல்லையில் உள்ள நாதுலா கணவாயில் சீனர்களோடு நடந்த மோதல் அவர் காலத்தில்தான். ஆனால் கணவாயை விடமாட்டேன் என்று களத்தில் நின்றவர் அங்கே படைப்பிரிவுக்குத் தலைமை வகித்த சகத் சிங். சில பேச்சாளர்கள் அதையும் நம்மவருக்கே தாரை வார்க்கிறார்கள். பெரிய போர் எதுவும் இல்லாத மூன்று வருஷம் அவருடையது. 1969-ல் மானெக்‌ஷாவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அரசரின் கமிஷன் வாங்கியவர்களில் கடைசித் தளபதி இவர்தான்.

சரி, பெருமைக்கு வருவோம். 1857-க்குப் பிறகு மலைப் பீரங்கிகள் தவிர வேறு பீரங்கியை இந்தியர் கையில் கொடுக்க ஆங்கிலேயருக்குப் பயம். அந்தப் பயம் விட்டு முதல் இந்தியக் களப் பீரங்கிப் பிரிவை அமைத்தது 1935 ஜனவரியில், நீங்கள் இருக்கும் இதே ஊரில். பீரங்கிப் படைக்கு வந்த முதல் சில இந்திய அதிகாரிகளில் குமாரமங்கலமும் உண்டு. பெங்களூருத் தமிழர் சொல்லிக்கொள்ள இதுவே போதும். இதை விட்டுவிட்டு ஜமீன் கதையை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

ஒன்று மட்டும். அவருடைய தாய் ராதாபாய் மங்களூர்க்காரர். தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பள்ளி திறந்த குத்முல் ரங்கராவின் மகள். 'முழுத் தமிழர்' என்று மேடையில் முழங்குவதற்கு முன்னால், முன்வரிசையில் மங்களூர்க்காரர் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.